விருப்பத்துக்கு மாறான அனுமதி: கொல்கத்தாவின் மனநல மருத்துவமனைகளை நோக்கிய பாதைகள்

நோயாளி வேண்டாமென்று மறுத்தாலும் அவரை மருத்துவமனையில் வைத்துச் சிகிச்சை அளிக்கச் சட்டம் இடம்தரும் துறைகள் மருத்துவத்தில் மிகச் சிலவே. அவற்றுள் முதன்மையானது மனநல மருத்துவம். குற்றம் எதுவும் செய்யாத, எந்த நீதிமன்றமும் தண்டிக்காத ஒரு குடிமகனின் நடமாட்டச் சுதந்திரம் இங்கே மருத்துவக் காரணத்துக்காகப் பறிக்கப்படுகிறது என்பதால், 'கட்டாய அனுமதி' எனப்படும் இந்த நடைமுறை மருத்துவர்களுக்கு மட்டுமன்றிச் சட்ட அறிஞர்களுக்கும் சமூகவியலாளர்களுக்கும் நெடுங்காலமாக ஆய்வுக்குரிய பொருளாக இருந்து வருகிறது. உயிர் காக்கும் உதவியாகவும் உரிமை மீறலாகவும் ஆகிவிடக்கூடிய இரட்டைத்தன்மை இதற்கு உண்டு. எந்தச் சூழ்நிலையில் எதுவாக அமைகிறது என்பதைப் பிரித்தறிய, நோயாளிகள் அந்த வாசலுக்கு எப்படி வந்து சேர்கிறார்கள் என்பதை முதலில் அறிய வேண்டும்.

நோய் முற்றிவிட்டதால்தான் ஒருவர் கட்டாயமாகச் சேர்க்கப்படுகிறார் என்பது பொதுவான நம்பிக்கை. அது பாதி உண்மை மட்டுமே. ஒரே நோய் ஒரே அளவில் உள்ள இருவரில் ஒருவர் புறநோயாளிப் பிரிவில் மருந்து பெற்று வீடு திரும்ப, மற்றவர் காவல் துறை வாகனத்தில் கொண்டுவரப்பட்டு ஆண்டுக்கணக்கில் வார்டிலேயே தங்கிவிடுவது உண்டு. அவ்விருவரின் வழிகளும் பிரிவதற்குப் பணம், பாலினம், குடும்பத்தின் பொறுமை, அருகில் மருத்துவர் இருப்பது அல்லது இல்லாதிருப்பது, நாட்டின் சட்டம் ஆகியவை நோயைவிடப் பெரிய காரணங்களாக இருக்கக்கூடும். இந்தியாவில் இதை ஆழமாகக் காண ஏற்ற நகரம் கொல்கத்தா. காலனியக் காலப் பித்தர் காப்பகங்களும், இந்தியாவின் முதல் பொது மருத்துவமனை மனநலப் பிரிவும், சிறைகளில் மனநோயாளிகள் அடைக்கப்பட்ட வரலாறும், அதை எதிர்த்து நடந்த சட்டப் போராட்டமும் அந்த ஒரே நகரத்தில் அடுத்தடுத்து நிகழ்ந்துள்ளன.

சட்டம் விதிக்கும் நிபந்தனைகள்

இன்று நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017ஆம் ஆண்டு ஏப்ரலில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்று, 2018 மே 29 முதல் செயலுக்கு வந்தது. இச்சட்டம் 'கட்டாயம்' என்ற சொல்லைத் தவிர்த்து 'ஆதரவுடன் கூடிய அனுமதி' என்ற பெயரைக் கையாள்கிறது. தானே முடிவெடுக்க இயலாத நிலையில் இருப்பவருக்கு, அவர் முன்னரே தேர்ந்தெடுத்த அல்லது சட்டப்படி அமைந்த 'நியமனப் பிரதிநிதி' ஒருவர் துணைநின்று விண்ணப்பிக்கிறார் என்பது இப்பெயரின் உட்பொருள். பிரதிநிதியாக நிற்க உறவினரோ பராமரிப்பாளரோ எவரும் இல்லாதபோது சமூக நலத்துறை இயக்குநர் அல்லது அவர் குறிக்கும் ஒருவர் அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும்.

இவ்வகை அனுமதிக்குச் சட்டத்தின் 89ஆம் பிரிவு கடுமையான நிபந்தனைகளை வைக்கிறது. சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய 7 நாட்களுக்குள்ளோ ஒரு மனநல மருத்துவரும், அவரைச் சாராமல் இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியே நோயாளியைப் பரிசோதித்திருக்க வேண்டும். அண்மையில் அவர் தம் உடலுக்குத் தீங்கு செய்துகொள்ள முயன்றார் அல்லது அவ்வாறு மிரட்டினார்; பிறர்மீது வன்முறையில் இறங்கினார் அல்லது அவர்கள் அஞ்சும்படி நடந்தார்; தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள முடியாமல் ஆபத்துக்கு உள்ளாகும் நிலையை அடைந்தார்; இம்மூன்றில் ஒன்றையேனும் இருவரும் உறுதிசெய்ய வேண்டும். அதனுடன், அப்போதைய சூழ்நிலையில் அவரது சுதந்திரத்தை மிகக் குறைவாகக் கட்டுப்படுத்தும் வழி மருத்துவமனையில் சேர்ப்பதுதான் என்ற முடிவுக்கும் அவர்கள் வந்திருக்க வேண்டும். இந்த அனுமதியின் உச்ச வரம்பு 30 நாட்கள். அதைத் தாண்டி நீட்டிக்க இரண்டு மனநல மருத்துவர்களின் சான்றும் மனநல மறுஆய்வு வாரியத்தின் இசைவும் தேவை.

மறுஆய்வு வாரியம் என்பது மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவரைத் தலைவராகக் கொண்டு, மருத்துவர்களோடு நோயிலிருந்து மீண்டவர்கள், பராமரிப்பாளர்கள், தொண்டு நிறுவனத்தினர் ஆகியோரையும் உறுப்பினர்களாகச் சேர்த்து அமைக்கப்படும் குழு. பெண்ணோ சிறாரோ சேர்க்கப்பட்டால் 3 நாட்களுக்குள்ளும், பிறரெனில் 7 நாட்களுக்குள்ளும் மருத்துவமனை அக்குழுவுக்குத் தெரிவித்தாக வேண்டும். நோயாளியோ அவர் சார்பில் பிறரோ அக்குழுவிடம் முறையீடு செய்யலாம். இந்த ஏற்பாடுகள் அனைத்தும் ஒரு நீண்ட, கசப்பான வரலாற்றின் விளைவாக உருவானவை. அந்த வரலாற்றின் கணிசமான பகுதி வங்காளத்தில் நிகழ்ந்தது.

காப்பகத்திலிருந்து சிறைக்கு

பிரிட்டிஷ் ஆட்சியில் கல்கத்தாவில் ஐரோப்பியருக்குப் பவானிபூரிலும் இந்தியருக்குத் துல்லுந்தாவிலும் தனித்தனிக் காப்பகங்கள் இயங்கின. துல்லுந்தாவுக்கு இந்தியர்களைக் கொண்டுவந்து சேர்த்ததில் பெரும்பங்கு காவலர்களுடையதாக இருந்தது. தெருவிலோ சந்தையிலோ தொந்தரவாகத் தெரிந்தவர்களைப் பிடித்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்திக் காப்பகத்துக்கு அனுப்பியபோது, உடன் அனுப்பும் படிவத்தில் நோய்க்கான காரணத்தையும் எழுதவேண்டியிருந்தது. நோயாளியின் கடந்த காலத்தை அறியாத காவலர்கள் பல இடங்களில் 'கஞ்சா' என்று எழுதி அக்கட்டத்தை நிரப்பினர். 1893-94இல் அமைந்த இந்தியக் கஞ்சாப் பொருள் விசாரணை ஆணையம் அதற்கு முந்தைய ஆண்டின் காப்பக அனுமதிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, காரணம் குறிக்கும் அப்பதிவுகள் நம்பத்தகுந்தவை அல்ல என்ற முடிவுக்கு வந்தது. ஒருவர் ஏன் உள்ளே வந்தார் என்று பதிவேடு சொல்வதும் உண்மையில் ஏன் வந்தார் என்பதும் வேறுவேறாக இருக்கலாம் என்பதை இந்தியாவில் தெளிவாக நிறுவிய முதல் பெரும் விசாரணைகளுள் ஒன்றாக அதைக் கொள்ளலாம்.

1912ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டம், திரிந்து கொண்டிருப்பவரையும் ஆபத்தானவராகத் தோன்றுபவரையும் காவல் துறை பிடித்து நடுவர் முன் நிறுத்தவும், கண்காணிப்புக்காகத் தகுந்த இடத்தில் அடைத்துவைக்கவும் அதிகாரம் வழங்கியது. 1925இல் ராஞ்சியை அடுத்த காங்கேயில் இந்தியருக்கான மனநல மருத்துவமனை தொடங்கப்பட்டபின் வங்காளத்து நோயாளிகளும் அங்கே அனுப்பப்பட்டனர். அங்கு இடம் கிடைக்காதவர்களை அடைத்துவைக்க மாவட்ட நிர்வாகங்களுக்குக் கைக்கெட்டிய 'தகுந்த இடம்' சிறைச்சாலைதான். அவ்வாறு அடைக்கப்பட்டோர் 'குற்றமற்ற பித்தர்கள்' என்ற வகையில் சிறைப் பதிவேடுகளில் இடம்பெற்றனர். நாடு விடுதலை அடைந்த பிறகும் பல பத்தாண்டுகள் இது தொடர்ந்தது.

இதழாளரும் சமூகச் செயற்பாட்டாளருமான ஷீலா பர்சே 1989இல் உச்ச நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுசென்ற வழக்கில் இந்நிலை வெளிச்சத்துக்கு வந்தது. மனநல மருத்துவர் சீனிவாச மூர்த்தியும் சட்டப் பேராசிரியர் அமிதா தண்டாவும் மேற்கு வங்காளத்துச் சிறைகளையும் மருத்துவமனைகளையும் ஆராய்ந்து நீதிமன்றத்துக்கு அறிக்கை அளித்தனர். 1993 ஆகஸ்ட் 17 அன்று அளித்த தீர்ப்பில், குற்றம் சாட்டப்படாத மனநோயாளிகளைச் சிறையில் அடைப்பது சட்டத்துக்கும் அரசியலமைப்புக்கும் முரணானது என்று உச்ச நீதிமன்றம் அறிவித்து, வங்காளத்தில் அதன் செயலாக்கத்தைக் கண்காணிக்கும் பொறுப்பைக் கல்கத்தா உயர் நீதிமன்றத்திடம் ஒப்படைத்தது.

குற்றம் சாட்டப்பட்டவர்களின் நிலையோ அதற்குப் பிறகும் மாறவில்லை. 1980இல் டார்ஜிலிங்கில் கைதான நேபாள நாட்டவர் ஒருவர், விசாரணையை எதிர்கொள்ளும் மனநிலையில் இல்லை என்ற காரணத்தால் வழக்கு முடியாமலேயே 40 ஆண்டுகளுக்கு மேல் வங்காளச் சிறைகளில் இருந்து, கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் 2021இல்தான் டம்டம் சிறையிலிருந்து விடுதலையானார். உள்ளே அனுப்பும் அதிகாரத்தைப் பலருக்கும் பகிர்ந்தளித்து, வெளியே கொண்டுவரும் கடமையை எவர்மீதும் சுமத்தாத ஓர் அமைப்பு எப்படி இயங்கும் என்பதை இவ்வழக்கு காட்டுகிறது.

நோயும் நோயுணர்வும்

கட்டாய அனுமதிக்கான காரணிகளை உலகளவில் தொகுத்த விரிவான ஆய்வொன்று 2019இல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வெளியானது. 22 நாடுகளில் நடந்த 77 ஆய்வுகளின் தரவுகளை, ஏறத்தாழ 9.75 லட்சம் நோயாளிகளை உள்ளடக்கி அது ஆராய்ந்தது. உளப்பிறழ்வு நோய்கள், அதாவது மனச்சிதைவு நோயைப் போல யதார்த்தத்திலிருந்து தொடர்பு அறுந்து இல்லாத குரல்கள் கேட்பதும் ஆதாரமற்ற ஐயங்கள் உறுதிப்படுவதுமான நோய்கள், கட்டாய அனுமதியோடு வலுவாகத் தொடர்புடையவை என்று அது கண்டது. எழுச்சிக்கும் சோர்வுக்கும் இடையே மனநிலை மாறிமாறி ஊசலாடும் இருதுருவக் கோளாறும் அவ்வாறே. ஆனால் அந்த ஆய்வில் மிக வலுவாக வெளிப்பட்ட காரணிகளுள் ஒன்று நோயின் பெயர் அன்று. முன்பு ஒருமுறை கட்டாயமாகச் சேர்க்கப்பட்டிருப்பது. அப்படிப்பட்டவர் மீண்டும் கட்டாயமாகச் சேர்க்கப்படும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு. வேலையின்மை, திருமணமாகாமை, ஆணாக இருத்தல், அரசு உதவித்தொகையைச் சார்ந்து வாழ்தல் ஆகியவையும் அப்பட்டியலில் இடம்பெற்றன.

மருந்தை இடையில் நிறுத்துவதும் 'நோயுணர்வு' குறைவாக இருப்பதும் மருத்துவர்கள் அன்றாடம் காணும் காரணங்கள். தமக்கு நோய் இருக்கிறது என்பதை நோயாளி தாமே உணர்வது நோயுணர்வு. தம்மை நஞ்சிட்டுக் கொல்ல அண்டைவீட்டார் சதி செய்வதாக உறுதியாக நம்பும் ஒருவரின் பார்வையில் மருத்துவமனைக்கு வர மறுப்பது முற்றிலும் நியாயமான தற்காப்பு. அவரை வற்புறுத்தி இழுத்துவருவதோ அந்தச் சதியின் தொடர்ச்சி. எனவே முதல் அனுமதி எவ்வளவு மூர்க்கமாக நடக்கிறதோ அவ்வளவுக்கு மருத்துவத்தின் மீதான அவநம்பிக்கை ஆழமாகிறது. அவநம்பிக்கை ஆழமானால் அவர் மருந்தை விடுகிறார், நோய் மீள்கிறது, அடுத்த அனுமதியும் கட்டாயமாகவே அமைகிறது. மருத்துவக் காரணிபோலத் தோன்றும் பலவற்றுக்கும் முந்தைய சிகிச்சை அனுபவத்தில் வேர் இருப்பதை இச்சுழற்சி உணர்த்துகிறது.

வீட்டின் சக்தியும் எல்லையும்

இந்தியாவில் மனநோயாளியின் பராமரிப்புப் பெரும்பாலும் குடும்பத்தின் தோள்களில் உள்ளது. மருத்துவமனைக்கு அழைத்து வருவதும் பெரும்பாலும் குடும்பமே. இரவு முழுவதும் உறங்காமல் காவலிருப்பது, அண்டை வீட்டாரின் ஏச்சைத் தாங்குவது, கூலி வேலைக்குப் போக முடியாமல் வருமானத்தை இழப்பது, சோற்றிலோ தேநீரிலோ மாத்திரையை அவருக்குத் தெரியாமல் கலந்து கொடுப்பது என எல்லா வழிகளையும் முயன்று களைத்த பிறகே பல குடும்பங்கள் மருத்துவமனைக் கதவைத் தட்டுகின்றன. அதற்குள் நோய் மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ சிகிச்சையின்றி வளர்ந்திருக்கும். பேச்சுவார்த்தையால் சம்மதம் பெறக்கூடிய காலம் கடந்து போயிருக்கும். அந்த நாளில் நிகழும் கட்டாயத்துக்கு அந்தக் குடும்பத்தை மட்டும் பொறுப்பாக்குவது நியாயமாகாது.

மந்திரவாதிகளிடமும் வழிபாட்டுத் தலங்களிலும் காலம் கடப்பதும் இத்தாமதத்தின் ஒரு பகுதி. வங்காளக் கிராமங்களில் 'ஓஜா' எனப்படும் பேயோட்டுபவருக்கு இன்றும் மதிப்புண்டு. தமிழகத்தில் ஏர்வாடி தர்காவும் குணசீலம் கோயிலும் இவ்வகையில் பெயர்பெற்றவை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியின் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் ஏற்பட்ட தீயில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்ததைத் தமிழ் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மனநோயாளியைச் சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் 2017 சட்டம் முற்றிலும் தடைசெய்துள்ளது. எனினும் வேறு வழி தெரியாத குடும்பங்களின் கையறு நிலையைத் தடைச் சட்டம் ஒன்றே போக்கிவிடாது.

குடும்பத்தின் அதிகாரம் எப்போதும் அன்பின் வழியே இயங்குவதில்லை என்பதும் இப்பொருளின் மற்றொரு பக்கம். 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தின் கீழ், உறவினரோ நண்பரோ இரண்டு மருத்துவச் சான்றுகளுடன் விண்ணப்பித்தால், தம் விருப்பத்தைத் தெரிவிக்க இயலாத நிலையில் உள்ளவரை 90 நாட்கள் வரை வைத்திருக்க முடிந்தது. மணமுறிவுக்கும் சொத்துரிமைக்கும் மனநோய் என்ற சான்று பயன்படும் ஒரு சமூகத்தில் இவ்விதி பெண்களுக்குக் குறிப்பாகத் தீங்கானது. இந்து திருமணச் சட்டம் மனநோயை மணமுறிவுக்குரிய காரணங்களுள் ஒன்றாகக் கொண்டிருக்க, கணவன் வீட்டார் சேர்த்துவிட்டு மீண்டும் வராததும், பிறந்த வீட்டார் அழைத்துச் செல்ல மறுப்பதும் கொல்கத்தாவின் வார்டுகளில் பணியாற்றுவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கதைகள். 2014 டிசம்பரில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு கொல்கத்தா உள்ளிட்ட ஆறு இந்திய நகரங்களில் மனநல, மாற்றுத்திறன் நிலையங்களில் வாழும் பெண்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, தான் நேர்காணல் வழி பதிவுசெய்த பெண்களில் எவரும் தம் சம்மதத்துடன் சேர்க்கப்படவில்லை என்று கூறியது. சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, சமய நெறிகளுக்கு ஒத்துப்போகாமை ஒன்றை வைத்து எவரையும் மனநோயாளியெனத் தீர்மானிக்கக் கூடாது என்று புதிய சட்டத்தின் 3ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்வதற்கு இத்தகைய அனுபவங்களே பின்னணி.

தெருவும் ரயில் நிலையமும்

ஹவுரா, சியால்தா ஆகிய இரு பெரும் ரயில் முனையங்கள் வழியே நாட்டின் பல திசைகளிலிருந்தும் மக்கள் வந்திறங்கும் கொல்கத்தாவில், வீட்டைவிட்டு வழிதவறி வந்த மனநோயாளிகள் தெருவோரங்களில் காணப்படுவது புதிதன்று. அவர்களைக் காவல் துறை பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும், காவல் நிலைய அறையிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது என்று சட்டத்தின் 100ஆம் பிரிவு கூறுகிறது. நடுவர் ஒருவர் 102ஆம் பிரிவின்படி பரிசோதனைக்காக 10 நாட்கள் வரை மருத்துவமனையில் வைக்க ஆணையிடலாம்.

இங்கே மொழி ஒரு தனிக் காரணியாகச் செயல்படுகிறது. ஹவுரா நடைமேடையில் கலங்கிய நிலையில் காணப்படும் தமிழ் பேசும் ஒருவரையோ தெலுங்கு பேசும் ஒருவரையோ வங்காள மருத்துவரால் முறையாகப் பேட்டி காண முடியாது. அவர் சொல்வது பிதற்றலா பேச்சா என்பதைப் பிரித்தறிய முடியாதபோது, 'முடிவெடுக்கும் திறன் அற்றவர்' என்று குறிப்பது எளிதாகிவிடுகிறது. முகவரி சொல்ல முடியாதவரை அழைத்துச் செல்ல எவரும் வருவதில்லை என்பதால் அவரது தங்கலும் நீள்கிறது. மேற்கு வங்க ரேடியோ கிளப் என்ற தன்னார்வ வானொலியாளர் அமைப்பு இத்தகைய பலரின் குடும்பங்களைத் தேடிக் கண்டுபிடித்துத் தந்துள்ளது. நல்லெண்ணத்தால் நடக்கும் இப்பணியை ஏற்றுச் செய்யும் நிலையான அரசு ஏற்பாடு அவசியம்.

தெருவில் உள்ளவரைப் பிடித்துச் செல்வதைத் தவிர வேறு வழி உண்டு என்பதைக் கொல்கத்தாவிலேயே 2007இல் தொடங்கப்பட்ட 'ஈஸ்வர் சங்கல்ப்' அமைப்பு காட்டியுள்ளது. அதன் பணியாளர்கள் வீடற்ற நோயாளி வாழும் நடைபாதைக்கே சென்று, அருகிலுள்ள தேநீர்க் கடைக்காரரையோ பூ விற்பவரையோ பராமரிப்பாளராக ஆக்கி, அவர் வழியாக உணவும் மருந்தும் கிடைக்கச் செய்கின்றனர். நாள்தோறும் தெரிந்த முகம் ஒன்று நீட்டும் மாத்திரையைப் பலர் மறுப்பதில்லை. வார்டின் பூட்டுக்கு அங்கே தேவை எழுவதில்லை.

சேவையின் பற்றாக்குறை

2015-16இல் மேற்கு வங்காளமும் தமிழ்நாடும் உள்ளிட்ட 12 மாநிலங்களில் பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பல்வேறு மனநோய்களுக்குச் சிகிச்சை பெறாதோரின் பங்கு 70 முதல் 92 சதவீதம் வரை இருப்பதாகக் கண்டது. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. நோயின் தொடக்கத்தில் அருகிலேயே ஆலோசனை கிடைத்திருந்தால் சம்மதத்துடன் சிகிச்சை பெற்றிருக்கக்கூடியவர், வன்முறையோ தற்கொலை முயற்சியோ நிகழ்ந்த பின்னரே நகரத்தின் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறார். கட்டாய அனுமதிக்கான நிபந்தனைகள் அனைத்தும் அந்த வேளையில் முறையாக நிறைவேறியிருக்கும். ஆனால் அந்த நிலைக்கு அவரை வளரவிட்டது அதற்கு முந்தைய ஆண்டுகளின் வெறுமை.

இந்த வெறுமை தவிர்க்க முடியாததன்று என்பதற்கு வங்காளத்தின் சொந்த வரலாறே சான்று. சிக்மண்ட் ஃப்ராய்டுடன் கடிதத் தொடர்பில் இருந்த கிரீந்திரசேகர் போஸ், 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார். 1933இல் இன்று ஆர். ஜி. கர் மருத்துவக் கல்லூரி எனப்படும் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில், இந்தியாவிலேயே முதன்முறையாகப் பொது மருத்துவமனைக்குள் மனநலப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். காய்ச்சலுக்கும் காயத்துக்கும் வரும் அதே கட்டடத்துக்கு மனக்கோளாறு உள்ளவரும் தாமாகவே வந்துபோகலாம் என்ற அந்த ஏற்பாடு, பூட்டப்பட்ட காப்பகத்துக்கு மாற்றாக அமைந்த புரட்சிகரமான முயற்சி. 1940இல் அவர் முன்னின்று தொடங்கிய லும்பினி பார்க் மனநல மருத்துவமனைக்கு, எழுத்தாளரும் அவருடைய சகோதரருமான ராஜசேகர் போஸ் தில்ஜலாவில் இடமளித்தார். பின்னர் மாநில அரசின் பொறுப்புக்கு வந்த அம்மருத்துவமனையும் கோப்ராவில் உள்ள பாவ்லோவ் மருத்துவமனையும் இன்று நகரின் முதன்மையான அரசு மனநல மருத்துவமனைகளாக இயங்குகின்றன. இரண்டிலும் மீண்டும் மீண்டும் எழும் சிக்கல், உள்ளே வருவோரின் எண்ணிக்கையைவிட வெளியே செல்வோரின் எண்ணிக்கை குறைவாக இருப்பதும் அதனால் வார்டுகள் நெரிவதும்தான்.

வெளியேறும் வழி அடைபடும்போது

கட்டாயம் என்பது சேர்க்கும் நாளோடு முடிவதில்லை. குணமடைந்த பிறகும் செல்ல இடமின்றி வார்டில் தங்க நேர்வதும் விருப்பத்துக்கு மாறான தங்கலே. நிம்ஹான்ஸ் பங்கேற்புடன் 43 அரசு மனநல மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2019இல் வெளியான தேசிய ஆய்வு, அங்குள்ளோரில் ஏறத்தாழ 36 சதவீதத்தினர் ஓராண்டுக்கும் மேலாகத் தங்கியிருப்பதாகக் கண்டது. குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை, சமூகத்தில் மாற்று வசதி இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் எவரும் மருத்துவமனையில் தொடரக் கூடாது என்று சட்டத்தின் 19ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. குணமானோரின் மறுவாழ்வுக்கு வழிசெய்யுமாறு உச்ச நீதிமன்றமும் கௌரவ் குமார் பன்சால் தொடுத்த வழக்கில் 2017 முதல் மாநிலங்களை வற்புறுத்தி வந்துள்ளது.

ரத்னாபோலி ராய் 2000ஆம் ஆண்டில் நிறுவிய 'அஞ்சலி' அமைப்பு பாவ்லோவ், லும்பினி பார்க், முர்ஷிதாபாத் மாவட்டத்துப் பஹரம்பூர் ஆகிய அரசு மருத்துவமனைகளுக்குள்ளேயே பணியாற்றி, நோயாளிகளுக்குத் தொழிற்பயிற்சியும் அடையாளமும் குடும்பத்தொடர்பும் மீட்டுத்தர முயன்று வருகிறது. குணமடைந்தோர் சமூகத்துக்குத் திரும்பும் முன் சுதந்திரமாக வாழப் பழகுவதற்கான 'பிரத்யய்' என்ற இடைநிலை இல்லமும் 2022இல் அரசின் முன்னெடுப்பில் கொல்கத்தாவில் தொடங்கப்பட்டது. தமிழகத்தில் சாரதா மேனன் 1984இல் நிறுவிய 'ஸ்கார்ஃப்', 1993இல் தொடங்கிய 'பேனியன்' ஆகிய அமைப்புகளும் இதே திசையில் நெடுந்தொலைவு வந்துள்ளன. வாடகை வீடுகளில் சிறு குழுக்களாக முன்னாள் நோயாளிகளைக் குடியமர்த்தும் பேனியனின் முறை, மருத்துவமனைக்கும் தெருவுக்கும் இடையே மூன்றாவதொரு வாழ்க்கை உண்டு என்பதை நடைமுறையில் நிறுவியது.

குறைக்கும் வழிகள்

கட்டாய அனுமதிக்கு நோயைவிட அமைப்பே பெரிய காரணம் என்ற பார்வையை மேலை நாடுகளில் எடுத்த கணக்கும் வலுப்படுத்துகிறது. ஐரோப்பா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றின் 22 நாடுகளை ஒப்பிட்ட 2019ஆம் ஆண்டு ஆய்வில், ஆண்டுதோறும் ஒரு லட்சம் பேருக்கு நிகழும் கட்டாய அனுமதிகள் ஆஸ்திரியாவில் 282 ஆகவும், 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் மனநலக் காப்பகங்களை மூடத் தொடங்கிய இத்தாலியில் 14.5 ஆகவும் இருந்தன. ஏறத்தாழ இருபது மடங்கான இந்த வேறுபாட்டை நோயின் பரவலால் விளக்க முடியாது. அண்டை நாட்டு மக்களின் மனங்கள் அவ்வளவு வேறுபடுவதில்லை. சட்ட வாசகங்களின் வேறுபாடுகளோடும் அதற்குத் தெளிவான தொடர்பு காணப்படவில்லை. படுக்கைகளின் எண்ணிக்கை, நாட்டின் செல்வநிலை போன்ற அமைப்புசார் காரணிகளோடுதான் தொடர்பு தென்பட்டது.

எனவே மாற்றத்துக்கு இடம் உண்டு. நோய் தணிந்திருக்கும் காலத்தில், மீண்டும் நோய் முற்றினால் எந்த மருந்து வேண்டும், எது வேண்டாம், யாரை அழைக்க வேண்டும் என்று நோயாளியே எழுதிவைக்கும் ஆவணம் 'முன்கூட்டிய அறிவுறுத்தல்' எனப்படுகிறது. இந்தியச் சட்டத்தின் 5ஆம் பிரிவு வயதுவந்த எவருக்கும் இவ்வுரிமையை வழங்குகிறது. இத்தகைய முன்கூட்டிய அறிவுறுத்தல்கள் கட்டாய அனுமதியை ஏறத்தாழ 23 சதவீதம் குறைப்பதாக 2016இல் வெளியான பன்னாட்டுத் தொகுப்பாய்வு ஒன்று கண்டது. குடும்பத்தினரும் நோயாளியுடன் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்கும் முறை, அமிர்தசரஸில் வித்யா சாகரின் முன்னோடி முயற்சியாலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தாலும் 1950களிலேயே இந்தியாவில் வேரூன்றியது. உறவினர் பக்கத்தில் இருக்கும்போது அச்சமும் எதிர்ப்பும் தணிவதால் அது சம்மதத்துக்கு வழிகோலுகிறது.

இவற்றோடு, மாவட்ட மருத்துவமனையிலேயே தடையின்றி மருந்து, நெருக்கடி வேளையில் வீட்டுக்கே வரும் பயிற்சிபெற்ற குழு, நோயாளியை எப்படி அணுகுவது என்று கற்பிக்கப்பட்ட காவலர்கள், எல்லா மாவட்டங்களிலும் உண்மையாகவே கூடும் மறுஆய்வு வாரியங்கள், நோயாளியின் மொழியில் பேசும் உரைபெயர்ப்பாளர்கள், குணமானோருக்கு இடைநிலை இல்லங்கள் ஆகியவை கிடைத்தால் கட்டாயத்தின் தேவை சுருங்கும். அப்போதும் அது முற்றிலும் மறையாது. தம் உயிரை மாய்த்துக்கொள்ளும் விளிம்பில், தம் நிலையை உணர இயலாமல் நிற்கும் ஒருவரைச் சில நாட்களுக்கு அவர் மறுப்பையும் மீறிக் காப்பது மனிதநேயத்தின் கடமையாகவே இருக்கும். அக்கடமை குறுகிய காலத்துக்கு, கண்ணியத்தோடு, சட்டத்தின் கண்காணிப்பில் நிறைவேற வேண்டும்; அதற்கு முந்தைய வாய்ப்புகள் அனைத்தும் அவருக்கு உண்மையாகவே வழங்கப்பட்டிருக்கவும் வேண்டும்.

மருத்துவமனையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டோரின் எண்ணிக்கையை ஒரு மாநிலம் ஆண்டுதோறும் வெளியிடுமானால், அதில் பதிவாவது மக்களின் மனநோயைவிட அம்மாநிலத்தின் ஆயத்தமின்மையே. நோயாளி சம்மதிக்கக்கூடிய நாட்களில் அவரைத் தேடிச் செல்லாத ஓர் அமைப்பு, சம்மதிக்க இயலாத நாளில் அவரைத் தூக்கிவருவதைச் சிகிச்சையின் வெற்றியாகக் கொள்ள முடியாது. கொல்கத்தாவின் ஒன்றரை நூற்றாண்டு அனுபவம் அரசுகளிடமும் குடும்பங்களிடமும் மருத்துவர்களிடமும் கோருவது, பூட்டிய கதவுக்குச் செலவிடும் அக்கறையை அக்கதவுக்கு முந்தைய சாலையிலும் பிந்தைய சாலையிலும் செலவிட வேண்டும் என்பதையே.